மாண்ட்வியின் காய்ச்சலும் கிங்ஸ் சர்க்கிளின் காற்றும்

1896 செப்டம்பர் 23 அன்று பம்பாய் மாநகராட்சியின் நிலைக்குழு கூடியிருந்தது. வரவு செலவு, சாக்கடை, தண்ணீர் என்று வழக்கமான விவகாரங்களைப் பேசும் குழு அது. அதன் உறுப்பினர்களில் ஒருவரான டாக்டர் அகாசியோ கேப்ரியல் வியேகாஸ், துறைமுகத்தை ஒட்டிய மாண்ட்வியில் சில நாட்களாக ஆட்களைச் சாய்த்துக்கொண்டிருக்கும் காய்ச்சல் பிளேக்தான் என்று அந்தக் கூட்டத்தில் அறிவித்தார். மறுநாள் ஊர் முழுக்க அதே பேச்சு. அதற்குப் பின் வந்த பத்தாண்டுகளில் பம்பாயின் வரைபடமே மாறிப்போனது.

அந்த மாற்றத்தின் ஒரு மூலையில்தான் மாட்டுங்காவின் இன்றைய கிங்ஸ் சர்க்கிள் இருக்கிறது. மாட்டுங்காவின் தமிழ்க் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் கோயிலிலோ, பள்ளிக்கூடத்திலோ, காப்பிக் கடையிலோ தொடங்குவார்கள். அவை வருவதற்கு முன்பே இங்கே மனை பிரித்து, சாலை போட்டு, வட்டத் திடலுக்கு இடம் ஒதுக்கி வைத்தவர்கள் யார், எதற்காகச் செய்தார்கள் என்று கேட்டால் பதில் எட்டு ஒன்பது கிலோமீட்டர் தெற்கே, மாண்ட்வியின் தானியக் கிடங்குகளுக்கு நடுவே கிடைக்கிறது. அந்தப் பதிலைத் தேடிப் போனால் இன்னொரு கேள்வியும் எதிர்ப்படும். ஒரு வட்டாரத்தின் மாநகராட்சி உறுப்பினர் என்பவர் நகரத்துக்கு எதற்காக வேண்டும்? வியேகாஸின் வாழ்க்கை இரண்டாவது கேள்விக்கும் ஒரு சான்று.

அர்போராவிலிருந்து மாண்ட்விக்கு

வியேகாஸ் 1856-இல் கோவாவின் அர்போரா என்னும் கிராமத்தில் பிறந்தவர். அப்போது கோவா போர்த்துக்கீசியர் ஆட்சியில் இருந்தது. படிப்பும் பிழைப்பும் தேடிய கோவா கத்தோலிக்கர்களுக்குப் பம்பாய்தான் வாசல். கப்பல், சமையல், இசை, தையல், எழுத்தர் வேலை என்று பல வழிகளில் அவர்கள் நகருக்குள் வந்தார்கள். வியேகாஸ் வந்தது படிப்பின் வழியில். கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1880-இல் எல்.எம். அண்டு எஸ். பட்டத்தை முதல் வகுப்பில் பெற்றார். பிறகு மாண்ட்வியில் தொழில் தொடங்கினார்.

மாண்ட்வியில் தொழில் செய்வது என்றால் என்ன என்று தெரிந்தால்தான் பின்னால் நடந்தது புரியும். மஸ்ஜித் பந்தர் பக்கத்துக் கப்பல் துறைகளில் இறங்கும் சரக்கும், உள்நாட்டிலிருந்து ஏற்றுமதிக்கு வரும் சரக்கும் வந்து தங்கும் இடம் அது. தரைத்தளத்தில் தானிய மூட்டைகள் அடுக்கிய கிடங்கு. அதற்கு மேலே மாடி மாடியாகக் கூலிகளும் குமாஸ்தாக்களும் குடும்பத்தோடு இருக்கும் ஒற்றை அறைகள். கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் நடுவே ஒரு ஆள் பக்கவாட்டில் நடக்கும் சந்து. மேல்மாடிக் கழிவு அந்தச் சந்தில்தான் விழும். 1892-இல் தான்சா ஏரியின் தண்ணீர் குழாயில் வந்து சேர்ந்தது. வந்த நீர் வெளியேறப் போதிய வடிகால் இல்லை. வீட்டு அடித்தளங்கள் ஈரத்திலேயே ஊறிக் கிடந்தன. மூட்டைக்கு எலி, எலிக்கு ஈரம், ஈரத்துக்கு மேலே மனிதர்கள். இந்த அடுக்கை நாள்தோறும் படியேறிப் பார்த்தவர் வியேகாஸ். மூன்றாம் மாடி நோயாளியைப் பார்க்கப் போகும் வைத்தியருக்கு இரண்டாம் மாடியின் இருமலும் காதில் விழும்.

வரி கட்டியவர்களின் சபை

வியேகாஸ் மாநகராட்சிக்குள் நுழைந்தது 1888-இல். அந்தச் சபையில் உறுப்பினருக்குக் குரல் உண்டு என்பதே அப்போது புதிய ஏற்பாடு. 1865-இல் உருவான அமைப்பில் ஆணையர் ஆர்தர் க்ராஃபோர்டு ஏறத்தாழத் தனி அரசராக இருந்தார். சாலை, சாக்கடை, சந்தை என்று துணிந்து செய்தார்; இன்றும் மக்கள் வாயில் க்ராஃபோர்டு மார்க்கெட் என்றே வழங்கும் கட்டடம் 1869-இல் அவர் காலத்தில் எழுந்தது. செலவும் கை மீறியது. பருத்திச் செழிப்பு சரிந்திருந்த நகரத்தில் வரி ஏறிக்கொண்டே போனதால் 1871-இல் வரி செலுத்துவோர் கிளர்ந்தார்கள். விளைவாக 1872-ஆம் ஆண்டுச் சட்டம் 64 உறுப்பினர் கொண்ட மாநகராட்சியை அமைத்து, அவர்களில் பாதிப் பேரை வரி செலுத்துவோரே தேர்ந்தெடுக்கலாம் என்றது.

அந்தக் கிளர்ச்சியின்போது இளம் வழக்கறிஞரான பெரோஸ்ஷா மேத்தா ஊரோடு ஒத்து ஊதவில்லை. தவறு ஆணையரிடம் இல்லை, அவரைக் கேள்வி கேட்க ஒரு சபை இல்லாத அமைப்பில் இருக்கிறது என்பது அவர் வாதம். செயல்படும் அதிகாரம் ஒருவர் கையில் இருக்கட்டும், அவரைக் கண்காணிக்கும் அதிகாரம் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களிடம் இருக்கட்டும் என்றார். 1888-ஆம் ஆண்டு மாநகராட்சிச் சட்டம் கிட்டத்தட்ட அந்த வழியில்தான் வந்தது. 72 உறுப்பினர், அவர்களில் 36 பேர் வட்டாரங்களிலிருந்து தேர்வானவர்கள். பணம் சம்பந்தமான அதிகாரம் 12 பேர் கொண்ட நிலைக்குழுவிடம். நிர்வாகம் அரசு நியமிக்கும் ஆணையரிடம். இந்தச் சட்டத்தின் சட்டகம் திருத்தங்களோடு இன்றும் மும்பையை ஆள்கிறது.

இது எல்லோருக்குமான ஜனநாயகம் அல்ல. எட்டு லட்சம் பேர் வாழ்ந்த நகரத்தில் வாக்குரிமை வரி கட்டும் சிறுபான்மைக்கும் பட்டதாரிகளுக்கும்தான். மாண்ட்வியின் மேல்மாடிக் கூலிக்கு வியேகாஸைத் தேர்ந்தெடுக்கவும் முடியாது, இறக்கவும் முடியாது. ஆனாலும் அந்தக் கூலியின் நாடியைப் பிடித்துப் பார்த்த கை, நகரத்தின் கணக்கில் கையெழுத்திடும் மேசையிலும் இருந்தது. 1872-க்கு முன்பு இப்படி ஒரு நிலை வாய்த்திருக்காது.

சொல்வதற்கு ஏன் தயக்கம்?

1896 ஆகஸ்ட், செப்டம்பரில் மாண்ட்வியில் நெறிக்காய்ச்சல் என்று பேச்சு பரவியது. கடுமையான சுரம், தள்ளாட்டம், அரையிலோ அக்குளிலோ நெறி கட்டுதல், சில நாட்களில் சாவு. கிடங்குகளில் எலிகள் செத்து விழுவதையும் வியாபாரிகள் கவனித்திருந்தார்கள். நவ்ரோஜி குன்றுப் பகுதியின் நெரிசலான குடியிருப்புகளில் நோயாளிகளைப் பார்த்த வியேகாஸுக்கு அடையாளங்கள் ஒன்றோடொன்று பொருந்தின.

மருத்துவ ரீதியாக அது பெரிய புதிர் அல்ல. 1894-இல் ஹாங்காங்கில் இதே நோய் பரவி, அலெக்ஸாந்தர் யெர்சின் அதன் கிருமியை இனம் கண்டிருந்தார். ஹாங்காங்குக்கும் பம்பாய்க்கும் கப்பல் போக்குவரத்து இடையறாமல் இருந்தது. நோய் வரும் வழி திறந்தே கிடந்தது என்பது படித்த மருத்துவர் எவருக்கும் தெரியும். அப்படியும் சுகாதாரத் துறை நோயின் பெயரைச் சொல்லத் தயங்கியது. சந்தேகத்துக்குரிய ஒருவகைக் காய்ச்சல் என்ற அளவில் பேசிக்கொண்டிருந்தது.

தயக்கத்துக்குக் காரணம் அறியாமை மட்டுமல்ல. பம்பாய் ஏற்றுமதியால் வாழும் ஊர். பிளேக் என்று அறிவித்த கணத்தில் பம்பாய்ச் சரக்கை ஐரோப்பியத் துறைமுகங்கள் சந்தேகத்தோடு பார்க்கும்; கப்பல்கள் தனித்து நிறுத்தப்படும். நடந்ததும் அதுதான். 1897 தொடக்கத்தில் வெனிஸில் கூடிய சர்வதேச சுகாதார மாநாட்டின் முதன்மைப் பொருளே இந்தியாவின் பிளேக்தான். அவ்வாண்டு பம்பாயிலிருந்து ஹஜ் பயணமும் நிறுத்தப்பட்டது. பருத்திப் பேலிலும் தானிய மூட்டையிலும் பணம் போட்டிருந்தவர்கள் மாநகராட்சி மன்றத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முன்னால், ஆய்வுக்கூடச் சான்று எதுவும் கையில் இல்லாமல், நோயாளிகளைப் பார்த்த அனுபவத்தை மட்டும் வைத்து இதைச் சொல்வதற்குத் தனித் துணிவு வேண்டும். கணிப்பு பொய்த்திருந்தால் அவருடைய தொழிலும் பொதுவாழ்வும் அன்றோடு முடிந்திருக்கும்.

சொன்ன இடமும் முக்கியம். தெருவில் சொல்லியிருந்தால் வதந்தி. சுகாதார அதிகாரிக்குத் தனிக் கடிதமாக எழுதியிருந்தால் கோப்பில் ஒரு தாள். நிலைக்குழுவில் சொன்னதால் அது பதிவாயிற்று; ஆணையர் பதில் சொல்ல வேண்டியதாயிற்று; பத்திரிகைகளில் வந்தது. கல்கத்தாவில் காலரா தடுப்பூசிப் பணியில் இருந்த வால்டெமர் ஹாஃப்கின் உள்ளிட்டவர்கள் பம்பாய்க்கு அனுப்பப்பட்டார்கள். கிருமிச் சோதனை வியேகாஸின் கணிப்பை உறுதி செய்தது.

அறிவிப்புக்குப் பின்

நோயின் பெயர் தெரிந்துவிட்டது. அது பரவும் வழி தெரியவில்லை. எலியின் மேலுள்ள தெள்ளுப்பூச்சிதான் நோயைக் கடத்துகிறது என்று பால்-லூயி சிமோன் கராச்சியில் கண்டது 1898-இல். அதை அறிவுலகம் ஏற்க மேலும் சில ஆண்டுகள் பிடித்தன. இடைப்பட்ட காலத்தில் நகரம் தெரிந்த ஆயுதங்களையெல்லாம் எடுத்தது. சாக்கடைகளில் கடல்நீரும் கார்பாலிக் கரைசலும் பாய்ந்தன. சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். வெயில் உள்ளே விழட்டும் என்று கூரை ஓடுகளைப் பிரித்தார்கள். மனிதர் வாழத் தகுதியற்றது என்று முடிவான வீட்டுச் சுவரில் ‘யு.ஹெச்.ஹெச்.’ என்ற ஆங்கில எழுத்துகளைப் பெரிதாகத் தீட்டினார்கள். வியேகாஸ் குடிசைப் பகுதிகளைச் சுத்தம் செய்யவும் எலிகளை ஒழிக்கவும் வற்புறுத்தினார். காரணம் முழுதாகத் தெரியாமலே எலியைக் குறிவைத்தது பின்னர் சரியென்று ஆயிற்று. 1897 ஜனவரி 10-இல் ஹாஃப்கின் தான் தயாரித்த தடுப்பூசியை முதலில் தன் உடம்பிலேயே போட்டுக்கொண்டார். அதன் பிறகு வியேகாஸ் தம் கையாலேயே ஏறத்தாழ 18,000 பேருக்கு அந்த ஊசியைப் போட்டதாக அவருடைய வாழ்க்கைக் குறிப்புகள் சொல்கின்றன.

அரசு தரப்பில் நடந்தவை வேறு ரகம். அக்டோபர் 6-இல் ஆணையர் பி.சி.ஹெச். ஸ்னோ, நோயாளிகளை வலுக்கட்டாயமாக மருத்துவமனைக்கு எடுத்துச்செல்லும் அதிகாரத்தை அறிவித்தார். வீட்டில் சாக விரும்பியவர்களுக்கு ஆர்தர் ரோடு மருத்துவமனை எமலோகமாகத் தெரிந்தது. அக்டோபர் கடைசியில் ஆலைத் தொழிலாளர் கூட்டம் அந்த மருத்துவமனையைத் தாக்கியது. ஸ்னோவை அதைவிட அதிகம் கலங்கவைத்தது இன்னொன்று. நகரத்தின் மலத்தையும் குப்பையையும் அள்ளும் துப்புரவுத் தொழிலாளர்கள் ஊரைவிட்டுப் போய்விட்டால் என்ன ஆகும்? அவர்கள் போனால் பிளேக் வேண்டாம், நாற்றமே நகரத்தைக் காலி செய்துவிடும். இந்த அச்சமும் சேர்ந்துதான் அந்த மாத முடிவுக்குள் ஆணையைத் தளர்த்தச் செய்தது. வாக்குரிமை இல்லாத, எவரும் ஏறெடுத்துப் பார்க்காத தொழிலாளர்கள், வேலையை விட்டுவிடுவார்களோ என்ற ஒரு சந்தேகத்தாலேயே ஆணையரின் உத்தரவை வளைத்தார்கள். நகராட்சி வரலாற்றில் அதிகம் பேசப்படாத பக்கம் இது.

மக்கள் ஓடினார்கள். ரயில் நிலையங்களிலும் படகுத் துறைகளிலும் நெரிசல். 1897 தொடக்கத்துக்குள் நகரத்தின் ஏறத்தாழப் பாதிப் பேர் வெளியேறிவிட்டதாகக் கணக்கிட்டார்கள். நோய் தணிந்ததும் திரும்பி வந்தார்கள். மறு ஆண்டு நோயும் திரும்பி வந்தது. 1891 கணக்கெடுப்பில் 8,21,764 ஆக இருந்த மக்கள்தொகை 1901-இல் 7,76,006. வளர்ந்துகொண்டே இருந்த நகரம் ஒரு பத்தாண்டில் சுருங்கியது. இந்தியா முழுவதும் அடுத்த சில பத்தாண்டுகளில் ஒரு கோடிக்கு மேல் மக்கள் பிளேக்கில் மாண்டார்கள். கோயம்புத்தூரில் இன்றும் வழிபாட்டில் இருக்கும் பிளேக் மாரியம்மன், அந்த அலை கொங்குநாடு வரை வந்து மோதியதற்கு அடையாளம்.

அதிகாரம் கைமாறுகிறது

வியேகாஸின் கதையில் கசப்பான திருப்பம் ஒன்று உண்டு. நோயை முதலில் வெளியே சொன்னது தேர்ந்தெடுக்கப்பட்ட சபையின் உறுப்பினர். ஆனால் அவர் சொன்னதன் விளைவாக அதிகாரம் இழந்தது அதே சபை.

1897 பிப்ரவரி 4-இல் தொற்றுநோய்ச் சட்டம் நிறைவேறியது. நோயைத் தடுக்கத் தேவை என்று கருதும் எதையும் செய்ய அது அரசுக்கு வழிவிட்டது. மார்ச்சில் பிரிகேடியர் ஜெனரல் கேடேகர் தலைமையில் பிளேக் குழு அமைந்தது. பட்டாளத்துக்காரர் ஒருவர் நகரச் சுகாதாரத்தைக் கையில் எடுத்தார். வீடு புகுந்து சோதனைகள் நடந்தன. பூனாவில் இதே பாணிச் சோதனைகளின் கொதிப்பில்தான் அவ்வாண்டு ஜூன் 22 இரவு பிளேக் அதிகாரி ராண்ட் சுடப்பட்டார். பம்பாயிலும் 1898 மார்ச்சில் கலவரம் வெடித்தது. சமூகத் தலைவர்களையும் உள்ளூர் வைத்தியர்களையும் சேர்த்துக்கொள்ளாமல் எதுவும் நடக்காது என்பதை அரசு அடிபட்டுத்தான் கற்றது. வெவ்வேறு சமூகத்தார் நடத்தும் பிளேக் மருத்துவமனைகளை அனுமதித்த பிறகே எதிர்ப்பு தணியத் தொடங்கியது.

அடுத்து நிரந்தர ஏற்பாடு வந்தது. 1898-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்ட் உருவாயிற்று. இதற்கு முன்மாதிரி, 1866-இலேயே சேரிகளை இடித்துத் தெருக்களை அகலப்படுத்தத் தொடங்கிய ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரம். நெரிசலான பகுதிகளை இடிப்பது, காற்று புக அகலச் சாலை போடுவது, வடக்கே புதுப் புறநகர்கள் உண்டாக்குவது ஆகியவை டிரஸ்டின் வேலை. அதன் 14 உறுப்பினர்களில் மாநகராட்சி தேர்ந்தெடுத்து அனுப்பியவர்கள் நால்வர்தான். மற்றவர்கள் அரசு நியமனம், பதவி வழி அதிகாரிகள், வணிக அமைப்புகளின் ஆட்கள். மாநகராட்சி தன் வருவாயிலிருந்து பங்கு கட்ட வேண்டும், ஆனால் எந்தத் தெருவை இடிப்பது என்பதில் அதன் பேச்சு சிறுபான்மைப் பேச்சு. மேத்தாவின் தலைமுறை பதினாறு ஆண்டு போராடிப் பெற்ற கண்காணிப்பு உரிமை பிளேக்கின் அவசரத்தில் ஓரங்கட்டப்பட்டது.

டிரஸ்ட் இடித்த வேகத்தில் கட்டவில்லை. நாக்பாடாவிலும் பிரின்சஸ் ஸ்ட்ரீட் பக்கத்திலும் வீடு இழந்தவர்கள் அடுத்த தெருவின் நெரிசலில் போய்ச் சேர்ந்தார்கள். ஏழைகளுக்கென்று டிரஸ்ட் கட்டிய ஒற்றை அறைக் குடியிருப்புகளைப் பம்பாய் ‘பி.ஐ.டி. சால்’ என்று அழைத்தது. தேவைக்கு அவை போதவில்லை.

மாட்டுங்காவின் அளவுகோல்

வடக்கே காலி நிலம் கிடந்த இடங்களில் ஒன்று மாட்டுங்கா. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பீரங்கிப் படை முகாம் இருந்த இடம், பிறகு கைவிடப்பட்டது. நகரம் தன் பக்கத்தில் வைத்துக்கொள்ள விரும்பாதவர்களை அனுப்பிய இடமும் இதுதான். 1890-இல் ஆணையர் ஆக்வொர்த்தின் முயற்சியில் வீடற்ற தொழுநோயாளிகளுக்கான காப்பகம் மாட்டுங்காவில் திறந்தது. இன்று வடாலாவில் இருக்கும் ஆக்வொர்த் மருத்துவமனை அதன் தொடர்ச்சி. வயலும் உப்பளமும் சிறு கிராமங்களும் கிடந்த இந்தப் பரப்பை தாதர்–மாட்டுங்கா, சயான்–மாட்டுங்கா திட்டங்கள் என்ற பெயரில் டிரஸ்ட் கையகப்படுத்தியது. தெற்கே நெரிசலில் தவிக்கும் நடுத்தர வர்க்கத்தை இங்கே இழுத்துவிட்டால் அங்கே மூச்சுவிட இடம் கிடைக்கும் என்பது கணக்கு. திட்டம் தாளில் வந்தது நூற்றாண்டுத் திருப்பத்தில். வீடுகள் பெருமளவில் எழுந்தது முதல் உலகப் போருக்குப் பிறகு. தெற்கிலிருந்து ஏறிவரும் பெருஞ்சாலை, இன்றைய டாக்டர் பாபாசாகேப் அம்பேத்கர் சாலை, வந்து சேரும் இடத்தில் வட்டத் திடல் அமைந்தது. அதுவே கிங்ஸ் சர்க்கிள். அரசுப் பெயர் இப்போது மகேஸ்வரி உத்யான்.

மாண்ட்வியின் சந்துக்கும் இந்த வட்டத்துக்கும் உள்ள தொடர்பை ஒரு விதியில் அளந்து காட்டலாம். டிரஸ்டின் தலைவராக இருந்த ஜே.பி. ஆர் வலியுறுத்திய 63½ பாகை விதி அது. அறையின் வெளிச்சுவர் அடியிலிருந்து எதிர்க் கட்டடத்தின் உச்சியை நோக்கி ஒரு கோடு இழுங்கள். தரைக்கும் அந்தக் கோட்டுக்கும் இடையிலுள்ள கோணம் 63½ பாகையைத் தாண்டக் கூடாது. கணக்குப் போட்டால், எதிர்க் கட்டடம் எவ்வளவு உயரமோ அதில் பாதி அகலத்துக்காவது நடுவே வெட்டவெளி இருக்க வேண்டும். 40 அடிக் கட்டடம் என்றால் 20 அடி இடைவெளி. மாண்ட்வியில் அதே உயரத்துக்கு நடுவே இருந்தது ஓர் ஆள் நுழையும் சந்து. நோய் தெள்ளுப்பூச்சியால் பரவுகிறது என்று தெரிந்த பிறகும் இந்த விதி நின்றது. காரணம், வெளிச்சமும் காற்றும் காசநோய்க்கும் மருந்து என்பதை எல்லோரும் ஒப்புக்கொண்டிருந்தார்கள். மாட்டுங்காவின் பழைய மூன்று மாடி வீடுகளுக்கு நடுவே இன்றும் தெரியும் இடைவெளியை ரசனை என்று எண்ணுகிறோம். அது பிளேக் காலத்து அச்சத்திலிருந்து பிறந்த கணக்கு.

பாதையின் இரு பக்கமும் தமிழர்

1920களிலும் 1930களிலும் இந்தப் புது மனைகளில் வீடுகள் எழுந்தபோது குடிவந்தவர்களில் தமிழர் கணிசம். ரயில்வே, அரசு அலுவலகம், வெள்ளைக்காரக் கம்பெனி, வங்கி ஆகியவற்றில் சுருக்கெழுத்தும் கணக்கும் தெரிந்த இளைஞர்கள். வீட்டுக்குள்ளேயே குளியலறையும் கழிவறையும் உள்ள அடுக்குமாடி வீடு அவர்களுக்குப் பிடித்துப்போயிற்று. 1923-இல் ஆஸ்திக சமாஜம், 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம், 1952-இல் சண்முகானந்த சபை என்று நிறுவனங்கள் வரிசையாக வந்தன. டிரஸ்ட் தந்தது மனையும் சாலையும்தான்; ஊராக ஆக்கியவர்கள் குடிவந்தவர்கள்.

மத்திய ரயில் பாதைக்கு மேற்கே வேறு தமிழர்கள் இருந்தார்கள். தாராவியின் தோல் பதனிடும் தொழிலுக்காகத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே வந்தவர்கள் அவர்கள். நகரம் நாற்றமுள்ள தொழில்களை ஒதுக்கிவைத்த சதுப்பு நிலம் தாராவி. 63½ பாகை விதி ரயில் பாதையைத் தாண்டவில்லை. ஒரே மொழி பேசுகிறவர்கள் சில நூறு மீட்டர் தூரத்தில் இரண்டு வெவ்வேறு சுகாதார வரலாறுகளுக்குள் வாழ்ந்தார்கள். நோய்க்குக் காரணம் நெரிசல் என்று கண்டுபிடித்த நகரம், நெரிசலிலிருந்து வெளியேற வாடகை கொடுக்க முடிந்தவர்களுக்கு மட்டும் வழி வெட்டியது. மாண்ட்வியில் செத்தவர்களின் பெயரால் வந்த மேம்பாடு அவர்களைப் போன்றவர்களுக்குப் போய்ச் சேரவில்லை.

இந்த இரண்டு வரலாறுகளையும் ஒரே வாழ்க்கையில் கடந்தவர் அம்பேத்கர். பரேலில் பி.ஐ.டி. சாலின் சிறு அறைகளில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, 1930களில் தாதர் இந்து காலனியில் ராஜகிருகம் கட்டிக் குடியேறினார். சால், காலனி இரண்டுமே டிரஸ்டின் படைப்புகள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக அவருக்கு இரண்டு வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் பட்டங்களும் வழக்கறிஞர் தொழிலும் தேவைப்பட்டன என்பதை நினைத்தால், சாதாரணத் தொழிலாளிக்கு அந்தத் தூரம் எவ்வளவு என்று விளங்கும்.

இது பம்பாயின் தனிக்கதை அல்ல. 1898-இல் பெங்களூரில் பிளேக் பரவியபோது பசவனகுடியும் மல்லேஸ்வரமும் அகலத் தெருக்களோடு எழுந்தன. 1911-ஆம் ஆண்டுச் சட்டத்தால் கல்கத்தாவும் மேம்பாட்டு டிரஸ்ட் அமைத்தது. இந்திய நகரங்களில் நாம் பழைய நல்ல குடியிருப்பு என்று மெச்சும் பல பகுதிகளுக்குப் பின்னால் ஒரு கொள்ளைநோய் ஆண்டு இருக்கிறது.

தலைவரும் அதன் பிறகும்

வியேகாஸ் 1906-இல் பம்பாய் மாநகராட்சியின் தலைவரானார். அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியக் கிறிஸ்தவர் அவர். 1933-இல் காலமானார். டிரஸ்டின் தனி வாழ்வும் அந்த ஆண்டோடு முடிந்து, அது மாநகராட்சிக்குள் முழுமையாகக் கரைந்தது. பிளேக்கின்போது வெளியே போன அதிகாரம் வீடு திரும்ப 35 ஆண்டுகள் ஆயின. தோபி தலாவில் மெட்ரோ திரையரங்கின் எதிரே வியேகாஸுக்குச் சிலை இருக்கிறது. போக்குவரத்து விளக்குக்காக நிற்பவர்கள் அதைப் பார்ப்பதுண்டு. அவர் யார் என்று கேட்டால் பதில் சொல்லக் கூடியவர்கள் சிலர்தான்.

2020 ஏப்ரல் 1-இல் தாராவியில் முதல் கோவிட் நோயாளி கண்டறியப்பட்டார். மகாராஷ்டிரம் அப்போது கையில் எடுத்திருந்த சட்டம் 1897-இன் அதே தொற்றுநோய்ச் சட்டம். ஆனால் தாராவியில் நோயை மட்டுப்படுத்திய வழி கேடேகரின் வழி அல்ல. மாநகராட்சியின் ஜி-வடக்கு வட்ட அலுவலகம் தாராவியிலேயே கிளினிக் நடத்தும் உள்ளூர் டாக்டர்களைத் தேடிப் பிடித்தது. அவர்கள் பாதுகாப்பு உடையோடு சந்து சந்தாக வீட்டுவாசலில் நின்று சுரம் பார்த்தார்கள். பல ஆண்டுகளாகத் தெரிந்த டாக்டர் என்பதால் மக்கள் கதவைத் திறந்தார்கள். 1896-இல் மாண்ட்வி வைத்தியர் கண்டதை அதிகாரிகள் காணாமல் போனதற்கும், 2020-இல் தாராவி டாக்டர்களுக்குக் கதவு திறந்ததற்கும் காரணம் ஒன்றே. நோய் முதலில் தெரிவது பக்கத்தில் இருப்பவருக்குத்தான்.

அப்படிப் பக்கத்தில் இருப்பவர் கண்டதைச் சொல்ல ஒரு மேசை வேண்டும். வியேகாஸுக்கு இருந்த மேசை மும்பைக்கு அண்மையில் சில ஆண்டுகள் இல்லாமல் போயிற்று. 2022 மார்ச்சில் மாநகராட்சியின் பதவிக்காலம் முடிந்த பிறகு, குறித்த காலத்தில் தேர்தல் நடக்காமல், அரசு நியமித்த நிர்வாகியின் கையில் நகரம் ஆண்டுக்கணக்கில் இருந்தது. 227 வட்டாரங்களுக்கும் அப்போது உறுப்பினர் இல்லை, நிலைக்குழு இல்லை. சாக்கடை அள்ளப்பட்டது, சாலை போடப்பட்டது. வேலை நின்றுவிடவில்லை என்று சொல்லலாம். க்ராஃபோர்டு காலத்திலும் வேலை நடந்தது, கேடேகர் காலத்திலும் நடந்தது. நடக்காமல் போவது வேறொன்று. துறை சொல்லத் தயங்கும் உண்மையை, வட்டாரத்தை அறிந்த ஒருவர், அதிகாரி பதில் சொல்லியே ஆக வேண்டிய இடத்தில் சொல்வது.

அன்றைய சபை குறுகிய வாக்குரிமை கொண்டது, வணிகர்களின் நலன் நிறைந்தது, ஏழைகளை மறந்தது. அத்தனை குறையோடும் ஒரு கோவாக்கார டாக்டர் அதில் உட்கார்ந்து கசப்பான செய்தியைச் சொல்ல முடிந்தது. இன்று வாக்கு எல்லோருக்கும் உண்டு. மாட்டுங்காவிலோ தாராவியிலோ உறுப்பினர் தேர்தல் வரும்போது சாதியும் மொழியும் கட்சியும் எடைபோடப்படுவது இயல்பு. அவற்றோடு இந்தக் கேள்வியையும் சேர்த்துக் கேட்டால் வியேகாஸைப் படித்ததற்குப் பயன் உண்டு. நம் தெருவில் எலி செத்து விழுந்தால், வியாபாரம் படுத்துவிடும் என்று ஊரே வாய் மூடச் சொன்னாலும், இந்த ஆள் அதைக் குழுவில் எழுந்து சொல்வாரா?